பெட்டி அடுக்கும் கை

நன்றாகப் பெட்டி அடுக்கத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதே ஒரு சுகம். எல்லாவற்றையும் முதலில் கட்டிலில் பரப்புவார். நிதானமாக ஒரு பார்வை. பாதி திரும்ப பீரோவுக்குப் போய்விடும். பிறகுதான் அடுக்கல். கனமான ஜீன்ஸும் ஷூவும் சக்கரத்தின் பக்கம். அப்போதுதான் நிமிர்த்தினால் பெட்டி சாயாது. ஷூவின் வயிற்றுக்குள் சாக்ஸ். டி-ஷர்ட்டெல்லாம் இறுகச் சுருட்டி வரிசையாக. இஸ்திரி போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் மேலே. பட்டுப்புடவையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றும்போது மட்டும் விரல்கள் வேகம் குறையும்.

சத்தங்களும் அழகு. எண்ணெய் பாட்டிலின் வாயில் பாலிதீன் துண்டை வைத்து மூடியைத் திருகும் கிறீச், மடித்த துவாலையை உள்ளங்கையால் அழுத்தும்போது காற்று வெளியேறும் உஸ், மூலையிலும் தடுமாறாமல் ஓடும் ஜிப்பின் சர்ர். மேலே ஏறி உட்கார்ந்து அமுக்காமலே பெட்டி மூடிக்கொள்ளும். திறமை அதோடு முடிவதில்லை: திருநெல்வேலிக்குப் போகிற பெட்டி என்றால், வரும்போது அல்வா வைக்கவும் ஓர் ஓரத்தில் இடம் விட்டிருப்பார்.