குரலுக்குள் அடக்கப்பட்டவர்: பவதாரிணி என்னும் இசையமைப்பாளர்

2024 ஜனவரி 25 அன்று, தம் 47ஆம் வயதில் மறைந்த பவதாரிணியின் குரல், அதே ஆண்டு ‘கோட்’ படப் பாடலொன்றில் செயற்கை நுண்ணறிவின் துணையோடு, அதாவது ஒருவர் முன்பு பாடிய பதிவுகளிலிருந்து கணினி கற்றுக்கொண்ட குரல்தன்மையைப் புதிய பாடலின்மேல் ஏற்றும் முறையில், ஒலித்தபோது, அவரே திரும்பி வந்துவிட்டார் என்ற பேச்சு எங்கும் பரவியது. அக்காளுக்குத் தம்பி யுவன் சங்கர் ராஜா செலுத்திய அஞ்சலி என்ற வகையில் அதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் திரும்பி வந்தது குரல் மட்டுமே, பல படங்களுக்கு இசையமைத்த சிந்தனை அன்று என்பதைக்கூட எண்ணிப்பாராத அளவுக்குத் திரையிசை விமர்சனம் அவரை வெறும் பாடகியாகவே பார்த்துப் பழகியிருக்கிறது.

பெண் இசையமைப்பது புதுமையன்று. காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் ஆகிய பண்களில், அதாவது இராகத்துக்கு முன்னோடியான பழந்தமிழ் இசை வடிவங்களில், பாடப்பட்டு வருகின்றன, இந்தித் திரையில் சரஸ்வதி தேவி 1936இலேயே ‘அச்சுத் கன்யா’வுக்கு இசையமைத்தார், தென்னகத்தில் பி. பானுமதியும் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

பவதாரிணியின் குடும்பம் வேர்கொண்ட கம்பம் பள்ளத்தாக்கின் இசை வரலாறோ, பொதுவுடைமை மேடைகளில் பாடிய பாவலர் வரதராசனில் தொடங்கி, பவதாரிணியின் தந்தை இளையராஜா, கங்கை அமரன் என்று பண்ணைப்புரத்து ஆண்களின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. முல்லைப்பெரியாற்று நீரால் 14,707 ஏக்கரில் இருபோகம் விளையும் இந்த மண்ணில், நாற்று நடும்போது ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் நடவுப்பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும் பெண்கள் கட்டிய மெட்டுகளே என்றாலும், அவை பெயரற்ற ‘நாட்டுப்புற இசை’யாகிவிட, அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களே இசையமைப்பாளர்களாயினர். பெயரோடு இசையமைத்த பவதாரிணிக்கும் ஏறக்குறைய அதே கதி நேர்ந்திருப்பதுதான் வேதனை.

ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ (2002) படத்தை இங்கு நிறுத்திக் கேட்க வேண்டும். ஒளிப்பதிவு ஃபவுசியா பாத்திமா, படத்தொகுப்பு பீனா பால், இசை பவதாரிணி எனப் பெண்களே உருவாக்கிய அந்த ஆங்கிலப் படத்தில், சிதம்பரத்திலிருந்து மணமாகி அமெரிக்கா சென்ற லட்சுமி, கணவனும் மகளும் விலகிப்போன வீட்டில், முகம் தெரியாத ஒருவரோடு கணினித் திரையில் எழுத்தால் நட்புக்கொள்கிறாள். விசைப்பலகைமுன் தனித்து அமர்ந்திருக்கும் ஒருத்தியின் மனத்தை உரையாடல் சொல்ல முடியாத இடங்களில் பின்னணி இசைதான், அதாவது தொகுத்து முடித்த காட்சியைப் பார்த்துப் பார்த்து அளந்து சேர்க்கும் இசைதான், சொல்லியாக வேண்டும். பாடலுக்கு மெட்டமைப்பதைவிடக் கடினமான இந்தப் பணியை அவர் இருபதுகளின் நடுவிலேயே ஏற்றார். சிறந்த ஆங்கிலப் படம், நடிகை, படத்தொகுப்பு என மூன்று தேசிய விருதுகளை அப்படம் பெற்றது. பவதாரிணியின் தேசிய விருதோ, ‘பாரதி’யில் (2000) தந்தையின் இசையில் பாடிய ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ பாடலுக்கு வந்தது. அந்த ஒரு விருதின் வெளிச்சமே அவருடைய மற்றப் பணியை மறைத்தது எனலாம்.

மீண்டும் ரேவதியின் இயக்கத்தில் வந்த ‘ஃபிர் மிலேங்கே’யில் (2004) பங்களித்த பின், தமிழில் ‘அமிர்தம்’ (2006), ‘வெள்ளச்சி’ (2013), ‘மாயநதி’ (2020) என அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு முதலீட்டுப் படங்கள். பெரிய நட்சத்திரப் படங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. இது திறமையின் அளவுகோலன்று, இசையமைப்பாளரின் நாற்காலியில் பெண்ணை எண்ணிப்பார்க்காத தொழிலின் பழக்கம்.

கம்பத்தை அடுத்த லோயர்கேம்பில், பாட்டி சின்னத்தாய், தாய் ஜீவா ஆகியோரின் நினைவிடங்களுக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நினைவாகச் சிறுமியர் இசைக்குழுவொன்றை அமைக்கும் விருப்பத்தை இளையராஜா 2025இல் அறிவித்தது நல்ல தொடக்கம். அந்தச் சிறுமியர், பவதாரிணி பாடிய பாடல்களோடு அவர் இசையமைத்த ‘மித்ர்’ பின்னணி இசையையும் இசைக்குறிப்பாக எழுதி வாசிக்கவும், தமக்கென மெட்டுக் கட்டவும் பயிற்றுவிக்கப்பட வேண்டும்.