ஓரிரு இடங்களில் மழை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டு வீடுகளில் நாள்தோறும் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." கேட்பவர் ஜன்னலை எட்டிப் பார்க்கிறார். அந்த ஓரிரு இடத்தில் நம் தெரு வருமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வானிலைத் துறையில் அந்தச் சொல்லுக்குத் திட்டமான கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை என்றால் 'ஒருசில இடங்கள்'. 75-ஐத் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' என்றால் 12 முதல் 20, அதற்கும் மேல் 'அதி கனமழை'. சொல்பவர் கணக்கைச் சொல்கிறார். கேட்பவருக்கு அது பேச்சுவழக்காகவே கேட்கிறது.

2018 அக்டோபர் தொடக்கத்தில் தமிழகத்துக்கு 'ரெட் அலர்ட்' என்று அறிவிப்பு வந்தது. வானிலைத் துறையின் வண்ண ஏணியில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. அது நிர்வாகத்துக்குச் சொல்லும் செய்தி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த மக்கள் காதில் அது 'ஆபத்து வந்துவிட்டது' என்று விழுந்தது. பிறகு எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டதும், "இவங்க சொன்னா எதுவும் நடக்காது" என்ற பேச்சு கிளம்பியது. அறிவியல் பிழை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அடுத்த எச்சரிக்கையின் மதிப்பு அன்றே கொஞ்சம் குறைந்துபோனது.

சொல்வதற்கும் கேட்பதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை ஆராய்வதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. அதன் தொடக்கக் கல் என்று 1985-இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கையைச் சொல்வார்கள். வால்டர் பாட்மர் தலைமையிலான குழு தயாரித்தது. மக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், விஞ்ஞானிகள் வெளியே வந்து பேசுவதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும் என்றது அது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு அடியில், மக்களிடம் இருப்பது அறிவுக் குறை, ஊற்றினால் நிறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அதற்கு 'பற்றாக்குறைப் பார்வை' என்று பெயர் வைத்தார்கள். அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தவர்கள் ஆட்டுக்காரர்கள்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. ஒரு வாரத்துக்குள் அதன் கதிரியக்கத் தூசு இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கம்பிரியா மலைகளில் மழையோடு இறங்கியது. முதலில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஜூன் 20 அன்று ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரம்தான், அதற்குள் தூசில் இருந்த கதிரியக்கச் சீசியம் மண்ணில் அடங்கிவிடும் என்றார்கள். மூன்று வாரம் கழிந்தும் அளவு இறங்கவில்லை. காரணம் பின்னர்தான் தெரிந்தது. விஞ்ஞானிகள் போட்டது களிமண் நிலத்தின் கணக்கு. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கம்பிரியாவின் மேட்டு நிலமோ புளிப்பேறிய கரிமண். அதில் சீசியம் அடங்காமல் புல்லுக்கு ஏறும், புல்லிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கையிலிருந்து மறுபடி மண்ணுக்கு. பிரிட்டனில் கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012-இல்.

சமூகவியலாளர் பிரையன் வின் அந்த ஆட்டுக்காரர்களோடு பல காலம் பேசி எழுதியதை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஒரு சம்பவம் மனத்தை விட்டு அகலுவதில்லை. பெண்டோனைட் என்ற களிமண் தூளைப் புல்லில் தூவினால் ஆட்டின் உடம்பில் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, விஞ்ஞானிகள் வேலி கட்டிப் பட்டிகள் அமைத்தார்கள். ஒவ்வொரு பட்டியிலும் வேறு வேறு அளவில் தூளைத் தூவி ஆடுகளை விட்டார்கள். மலை முழுக்க மேய்ந்து பழகிய ஆட்டை அடைத்து வைத்தால் இளைத்துப்போகும், அந்தக் கணக்கை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் அதே காரணத்துக்காக அந்தச் சோதனை கைவிடப்பட்டது. அவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. பக்கத்திலேயே செல்லாஃபீல்டு அணு வளாகம். 1957-இல் அங்கே உலை தீப்பற்றியது. அப்படியிருக்க, இந்தச் சீசியம் முழுவதும் செர்னோபிலில் இருந்து வந்ததுதானா என்று கேட்டார்கள். அறியாமையில் பிறக்கும் கேள்வி அல்ல அது. பழைய அனுபவத்தை நினைவில் வைத்திருப்பவர் கேட்பது. விஞ்ஞானிகள் மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை போனது தகவல் பிழையால் அல்ல; சந்தேகமே இல்லாதவர்களாய்த் தங்களைக் காட்டிக்கொண்டதால்தான்.

இத்தாலியின் லாக்குயிலா நகரம் இதைவிடக் கொடிய பாடம். 2009-இன் தொடக்க மாதங்களில் அங்கே சிறு அதிர்வுகள் ஓயாமல் வந்தன. மார்ச் 31 அன்று வல்லுநர் குழு கூடியது. அதையொட்டி அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில், சிறு அதிர்வுகளால் பூமியின் சக்தி வெளியேறிவிடுகிறது, ஆகவே நிலைமை சாதகமே என்ற பொருளில் பேசினார். நிலநடுக்கவியல் அப்படிச் சொல்வதில்லை. அதிர்வு வந்தால் போர்வையோடு வெளியே வந்து சதுக்கத்தில் இரவைக் கழிப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். ஏப்ரல் 6 அதிகாலை 3.32-க்கு 6-ஐத் தாண்டிய அளவுள்ள நடுக்கம் வந்தபோது, அந்தப் பேச்சை நம்பி வீட்டுக்குள் படுத்திருந்தவர்களும் இருந்தார்கள். 309 பேர் இறந்தார்கள். 2012-இல் அந்த அதிகாரியும் விஞ்ஞானிகள் ஆறு பேருமாக ஏழு பேருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் விஞ்ஞானிகள் ஆறு பேரும் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்காகத் தண்டித்தார்கள் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். வழக்கின் மையம் அதுவல்ல. "எங்களுக்குத் தெரியாது, உங்கள் வழக்கப்படி வெளியே படுத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை என்பதே என் நெஞ்சில் தைப்பது.

அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணிக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலை 'அங்காதிபாதம்' என்று தமிழாக்கினார். வழக்கறிஞரான பெ.நா. அப்புசுவாமி வாழ்நாள் முழுக்க அறிவியல் எழுதினார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் 1954 முதல் தொகுதி தொகுதியாக வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. இந்த முன்னோர்களின் பேருழைப்பு பெரும்பாலும் கலைச்சொல்லில் கழிந்தது. அது அவசியமான உழைப்பு. ஆனால் சொல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டது. சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?' எழுதியபோது வழி சற்றே மாறியது. அங்கே கேள்வி வாசகருடையது, பதில் அதன் பின்னால் வந்தது.

கேள்வி யாருடையது என்பதைத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் பார்த்தோம். மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நொடிக்குப் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் நம் உடம்புக்குள் புகுந்து போகின்றன, எந்தத் தீங்கும் இல்லை என்று இயற்பியலாளர்கள் விளக்கினார்கள். அது முற்றிலும் உண்மை. ஊர்க்காரர்களின் கேள்விகளில் வெடிவைப்பது, தண்ணீர், மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் வழி எல்லாம் இருந்தன. நியூட்ரினோவைப் பற்றி எத்தனை அழகாகப் பேசினாலும் மாட்டு வழி பற்றிய கேள்விக்கு அது பதில் ஆகாது. அந்த ஆய்வுக்கூடம் வர வேண்டும் என்று விரும்பியவன் நான். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-இலேயே நியூட்ரினோவைக் கண்ட நாடு இது. அதனால்தான் ஊர்க்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன இந்தத் தோல்வி எனக்கு வலிக்கிறது.

கடற்கரையில் இதே சிக்கல் உயிரோடு விளையாடுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலானபோது, குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போயிருந்தன. கைபேசி எட்டாத தூரம். அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரையில் இருப்பவருக்கோ, "குமரிக்கடலில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பு வருகிறது. கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள் என்று கணக்கிடுபவருக்கு, அந்த அகன்ற கடலில் தன் பாடு எங்கே என்று தெரிய வேண்டும். அவரிடம் காற்றுக்குத் தனித் தனிப் பெயர் இருக்கிறது: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். நீரோட்டத்துக்கு நீவாடு. ஆழத்தைப் பாகத்தில் அளக்கிறார். திருவனந்தபுரம் கரையில் 'ரேடியோ மன்சூன்' என்ற முயற்சியில் ஆய்வாளர்கள் மீனவர்களோடு உட்கார்ந்து அறிவிப்பை அவர்கள் பேச்சில் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பாம்பனில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது.

அந்தக் கரையில் நின்று ஒருவர் வானிலைக்காரரிடம் கேட்கக்கூடியது இவ்வளவுதான்: "நாளைக்கு விடியற்காலம் கச்சான் எந்நேரம் எழும்பும், இருபது பாகத்துக்கு அப்பால போலாமா?"