மோனையும் வியாக்கியானமும்

அருளிச்செயலில் ஒரு சொல்லுக்குப் பூர்வாசார்யர்கள் விரிவாகப் பொருள் அருளிச்செய்திருக்க, "அச்சொல் மோனைக்காக வந்தது, அதில் இத்தனை அர்த்தம் தேடுவானேன்?" என்று கேட்பார் இக்காலத்தில் பலர் உளர். யாப்பிலக்கணம் கற்றவர்களே இவ்வாறு கேட்பதால் இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. ஓசைக்காக இட்ட சொல் என்பது உண்மையாயின், வியாக்கியானங்களில் ஒரு பெரும்பகுதி வியாக்கியாதாக்களின் சாதுர்யமேயன்றி ஆழ்வார்களின் திருவுள்ளம் ஆகாது என்று முடியும். ஆகவே மோனை என்பது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று முதலில் வரையறுத்துக் கொள்ள வேண்டும்.

முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. அதே எழுத்தே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தம்முள் இனம். வடமொழி ஆலங்காரிகர் இதற்கு அணுக்கமான ஒன்றை அறிவர். தண்டி தம் காவ்யாதர்சத்தில், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குவதைக் கௌடர்களுக்கு விட்டு, பிறப்பிடத்தால் நெருங்கிய எழுத்துக்களை அருகருகே வைக்கும் ச்ருத்யனுப்ராஸத்தையே வைதர்ப்பர்கள் விரும்புவதாகச் சொல்லுகிறார். மகரத்துக்கு வகரத்தை இனமாகக் கொண்ட நம் இலக்கணமும் அவ்வழிச் செவியுடையதே. இரண்டும் இதழின் தொழிலால் பிறப்பவையன்றோ?

இவ்வினங்களைப் புலவர் தம் வசதிக்கு வகுத்துக் கொண்டனர் என்று எண்ண வேண்டா. எழுத்தறியாத பாட்டியும் 'ஒட்டு உறவு' என்கிறாள். ஒகரத்துக்கு உகரம் இனம். 'ஈ எறும்பு' என்கிறாள். ஈகாரத்துக்கு எகரம் இனம். 'மாட மாளிகை, கூட கோபுரம்' என்பதில் மெய்யும் ஒன்றி உயிரும் இனமாய் நிற்கின்றன. நம் கோயில்களில் வழங்கும் 'தேர் திருவிழா', 'மாலை மரியாதை', 'தீர்த்தம் திருத்துழாய்' ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். 'பேரும் புகழும்' என்பதில் மெய் ஒன்றாயினும் உயிர் இனமாகவில்லை. அது வருக்க மோனை என்ற அளவில் நிற்கும். தமிழன் பேசும்போதே மோனை வருகிறது. பேச்சில் 'தீர்த்தம் திருத்துழாய்' என்று கேட்ட எவரும் திருத்துழாய் ஓசைக்காகச் சேர்ந்தது என்று சொல்லார். பெருமாள் ஸந்நிதியில் அது தனியே ப்ரஸாதிக்கப்படும் வஸ்து. பேச்சில் ஒப்புக்கொண்ட இந்த ந்யாயத்தைப் பாசுரத்தில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இனி விஷயத்துக்கு வருவோம். ஓர் அடியின் இடையில் மகர மோனை வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். எம்பெருமானைச் சொல்லத் தமிழில் அவ்விடத்துக்கு எத்தனை திருநாமங்கள்! மால், மாயன், மாதவன், மதுசூதன். இனமான வகரத்தில் வாமனன், வாசுதேவன், வைகுந்தன். சீரின் அளவு இவற்றுள் சிலவற்றை விலக்கும் என்பது மெய்யே. ஆனால் மாதவன், வாமனன் என்ற இரண்டையும் அலகிட்டுப் பாருங்கள். இரண்டும் நேர் நிரை, இரண்டும் கூவிளம். மோனையும் தளையும் இவ்விரண்டையும் ஒன்றாகவே ஏற்கும். பொருளிலோ எவ்வளவு தூரம்! மாதவன் என்றால் பிராட்டியோடு கூடியவன். அங்கே புருஷகாரம் உண்டு, குற்றமுடையோர்க்கும் அஞ்சாமல் அணுக இடமுண்டு. வாமனன் என்றால் தன் உடைமையைத் தானே இரந்து பெற்றவன். மேலோர் கீழோர் என்று பாராமல் எல்லார் தலையிலும் திருவடி வைத்தவன். யாப்பு இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருக்க, ஆழ்வார் ஒன்றினுள் புகுந்தார். ஏன் அதனுள் புகுந்தார் என்று கேட்பதே வியாக்கியாதாவின் தொழில். ஆகையால் 'மோனைக்காக' என்ற விடை, சொல் மகரத்தில் தொடங்கியதற்குக் காரணம் கூறுமேயன்றி, அச்சொல்லே வந்ததற்குக் காரணம் கூறாது.

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை நித்யாநுஸந்தானமாகக் கொண்டவர்களுக்கு இது புதிதன்று. அங்கே 'யஜ்ஞ' என்று தொடங்கும் திருநாமங்கள் ஒரு திரளாகவும், 'ஸ்ரீ' என்று தொடங்குபவை ஒரு திரளாகவும் வருகின்றன. நாவுக்கு இனிமையான அடுக்கு என்று சொல்லி யாரும் நகர்ந்து விடலாம். பராசர பட்டரோ பகவத்குண தர்ப்பணத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குணம் காட்டி, முன் நாமத்தோடு பின் நாமத்துக்கு ஸங்கதியும் காட்டுகிறார். மாதவன் என்ற திருநாமம் அங்கே 3 இடங்களில் வருகிறது. மூன்றும் பட்டருக்கு மூன்று பொருள். ஓசை ஒற்றுமையை அவர் அறியாதவர் அல்லர். அதனைப் பொருளாராய்ச்சிக்குத் தடையாக அவர் கொள்ளவில்லை.

மற்றொன்று, ஓதுகிறவர்களுக்கே நன்கு விளங்குவது. அடியேனுக்குத் திருத்தகப்பனார் ஸந்தை சொல்லி வைக்கையில், முதலெழுத்துத் தவறினால் அடியேன் செவியே இடறும். அவர் சொல்லுமுன் திருத்திக் கொள்ளலாம். மாதவன் என்ற இடத்தில் மாயவன் என்று ஓதினாலோ செவி சும்மா இருந்துவிடும். அவர்தாம் நிறுத்துவார். இதிலிருந்து பாடபேதங்களைப் பற்றி ஓர் உண்மை தெரிகிறது. மோனையைக் கெடுக்கும் பிழையை ஓதுவோரே திருத்திவிடுவர். மோனைக்கு இசைந்த பிழையே தப்பி நின்று ஏட்டில் ஏறும். எனவே, "இப்பாடத்தில் மோனை நன்றாக அமைகிறது" என்று சொல்லி ஒரு பாடத்தைத் தேர்வது போதாது. பிழையான பாடத்திலும் அது நன்றாகவே அமைந்திருக்கக் கூடும். முதலெழுத்தை ஓசை காத்தது. எஞ்சிய எழுத்துக்களைக் காத்தது, அச்சொல்லை எடுத்துப் பொருளுரைத்த வியாக்கியானம். வியாக்கியானத்தைத் தள்ளிப் பாடத்தை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புவோர், அப்பாடம் தங்கள் கைக்கு வந்த வழியை எண்ணிப் பார்ப்பதில்லை.

எதிர்க்கட்சிக்கு மிகவும் இடம் தருவது மோனையன்று, எதுகையே. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமடல் தொடக்கம் முதல் இறுதி வரை னகர எதுகை ஒன்றிலேயே நடக்கிறது. அத்தனை அடிகளுக்கும் ஒரே எதுகை வேண்டுமானால் 'மன்னு' போன்ற சொற்கள் பலகால் வருவது இயல்பு. அங்கே ஒவ்வொரு 'மன்னு'வையும் ஒரே நிறையாக நிறுக்க வேண்டும் என்று அடியேன் வாதிடேன். ஆனால் அம்மடலில் பேசுகிறவள் யார்? மடலூர்தல் பெண்டிர்க்கு இல்லை என்ற தென்னாட்டு மரபைத் தள்ளி, தாயும் ஊரும் சொல்வதைக் கேளாமல், கொண்ட துணிவிலேயே நிற்கும் பரகால நாயகி. அவள் நெஞ்சு ஓரிடத்தை விட்டுப் பெயராதது போலவே அவள் வாக்கும் ஓர் எதுகையை விட்டுப் பெயரவில்லை. வேறு எதுகைக்கு மாற ஆழ்வாருக்குத் தடை ஏதும் இருந்ததில்லை; கலிவெண்பா அதற்கு இடம் தரும்.