டிடியூ: கடைசியில் எடுக்க வேண்டிய துடைப்பம்

பேளுக்குறிச்சி என்றதும் ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்தில் எல்லோருக்கும் மளிகைச் சந்தைதான் நினைவுக்கு வரும். சீரகமும் மிளகும் மல்லியும் வாங்க வெளியூர்க்காரர்களும் தேடி வரும் கொல்லிமலை அடிவாரத்து ஊர். மளிகைக்கு இல்லாத அலைச்சல் இங்கே கம்ப்யூட்டருக்கு உண்டு. வீட்டு டெஸ்க்டாப்பின் திரை கறுத்துவிட்டால் சிபியுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ போக வேண்டும். கடையில் காத்திருக்கும் பதில் பழகியதுதான்: “ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுரலாமுங்க.”

கிராஃபிக்ஸ் டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே சரிசெய்ய உதவும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. வாக்னார்ட்சாஃப்ட் வெளியிடும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியூ. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றின் டிரைவர்களையும் வேரோடு நீக்கும். நல்ல கருவிதான், ஆனால் எடுத்ததும் கையில் பிடிக்க வேண்டியதல்ல.

நோய் எதுவென்று முதலில் தெரிய வேண்டும். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கொடுத்த வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், டிரைவரை விண்டோஸே நிறுத்தி மறுபடி ஓடவிடும். திரை ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். அப்படியும் மீளாவிட்டால் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று நீலத்திரை வரும். ஐகான்கள் பூசணிக்காய் அளவில் தெரிந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால், கார்டுக்குரிய டிரைவர் ஓடவில்லை என்று பொருள். இன்ஸ்டால் செய்யும்போது பாதியில் கரண்ட் போனாலும் இந்த நிலை வரலாம்.

புது டிரைவர் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விஸ்டா தொடர்பான ஒரு வழக்கில் 2008-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள், 2007-இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28 சதவீதத்துக்கும் மேல் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்று காட்டின. 2010 மார்ச்சில், விசிறி சரியாகச் சுழலவில்லை என்ற புகாரால் என்விடியா 196.75 டிரைவரைத் திரும்பப் பெற்றது. 2025 தொடக்கத்தில் வந்த 572 வரிசையிலும் கறுப்புத் திரைப் புகார்கள் குவிந்தன. ஏப்ரலில் வந்த 576.02-தான் அவற்றில் பலவற்றைத் தீர்த்தது.

அதனால் முதல் வேலை, விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துவது. ஒரு பீப் சத்தம் கேட்டு, திரை சிமிட்டி, டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. கோளாறு ஓர் அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால், டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ பழைய பதிப்பைத் திருப்பித் தரும். என்விடியா இன்ஸ்டாலரிலேயே ‘கஸ்டம்’ வழியில் ‘கிளீன் இன்ஸ்டாலேஷன்’ என்ற வசதி இருக்கிறது. இவை எதற்கும் மசியாதபோதுதான் டிடியூ.

டிடியூ சில எம்பி அளவுள்ள கோப்பு. முதலில் சரியான டிரைவரை இறக்கி வைத்துவிட்டு, இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும்; இல்லாவிட்டால் துடைத்த கையோடு விண்டோஸ் அப்டேட் தன் விருப்பத்துக்கு ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். பிறகு சேஃப் மோடில் நுழைந்து, கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, ‘கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்’. டிஸ்க்கில் பிட்லாக்கர் இருந்தால் சேஃப் மோடுக்குப் போகும்போது மீட்பு எண் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தொடங்குவது வம்பு. ரீஸ்டார்ட் ஆனதும் திரை பெரிதாகி அசிங்கமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அதுதான் சுத்தமான நிலை.

டிடியூவின் குறை முகப்பில் இருக்கிறது. விருப்பத் தேர்வுகள் குவிந்து கிடக்கின்றன. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று புதியவருக்குப் பிடிபடாது. இருப்பதை இருந்தபடி விட்டுவிடுவதே நல்லது. இன்னொன்று, அது துடைக்கும், காரணம் சொல்லாது. பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் டிரைவரைப் பழிப்பதில் அர்த்தமில்லை. அந்தக் கட்டத்தில் விண்டோஸ் டிரைவர் ஓடவே தொடங்கியிருக்காது. மானிட்டர் கேபிள், தூசி, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்க்கும் மெக்கானிக் வித்தை அங்கேதான் பலிக்கும்.

சரியான டிரைவர் எது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெயரில் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. திரை தெரிவதற்காக அவற்றோடு ஜிடி 710, ஜிடி 730 போன்ற மலிவு கார்டுகளைச் செருகுவதுண்டு. ஜிடி 710 வெறும் 19 வாட் கார்டு. கெப்ளர் வகைச் சிப் என்பதால் 2021-க்குப் பிறகு வந்த புது வரிசைகள் அதற்குப் பொருந்தாது. 470 வரிசையில் தேட வேண்டும். ஜிடி 730 இன்னும் குழப்பம்: ஒரே பெயரில் கெப்ளரும் உண்டு, அதைவிடப் பழைய ஃபெர்மியும் உண்டு. ஃபெர்மிக்கு 391.35-தான் எல்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை நம்பாமல் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் சிப்பின் பெயரைப் பார்ப்பது உத்தமம். பயாஸை மாற்றி எழுதி வேறு பெயரில் விற்கும் போலிக் கார்டுகள் பலவற்றையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கெப்ளருக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு நின்றுபோயின. அந்தக் கார்டுகளுக்கு இனி புதிதாக எதுவும் வரப்போவதில்லை. ஒழுங்காக ஓடும் இன்ஸ்டாலர் கிடைத்தால் அதை ஒரு பென் டிரைவில் போட்டு வைக்கலாம். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் அடுத்த முறை அரை ஜிபிக்கு மேல் மிச்சம்.