பெண் குரலும் பெண் பெயரும்: மட்டக்களப்பு வாய்மொழி மரபு பற்றிய ஓர் ஆய்வு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்றுவரையும், தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வழங்கிவந்த ‘கவி’ என்னும் வாய்மொழிப் பாடல்கள் ஈழத்து நாட்டார் இலக்கியத்துள் தனியிடம் பெற்றவை. அவற்றுட் கணிசமானவை பெண் கூற்றாக அமைந்தவை. ‘மச்சான்’ என விளித்து, வாராதவனை நோவதும், வந்தவனை எச்சரிப்பதும், தாயின் காவலைச் சுட்டுவதுமான அக்குரலைக் கேட்ட தொடக்ககாலத் தொகுப்பாளர் அதனைக் கிராமத்துப் பெண்ணின் கள்ளமற்ற உள்ளம் எனப் போற்றினர். பெண்நிலை நோக்கிற் பின்னர் ஆராயப் புகுவோர் அதனையே அடக்கப்பட்ட பெண்ணின் சாட்சியமாகக் கொள்ள விழைகின்றனர். இவ்விரு நோக்குகளும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் ஒரே எடுகோளின்மீது எழுந்தவையே. பெண் கூற்றாக வருவது பெண் கூறியதே என்பது அவ்வெடுகோள்.

தமிழ் இலக்கியம் கற்றோர்க்கு இதன் தளர்ச்சி எளிதிற் புலனாதல் வேண்டும். ‘கூற்று’ என்பது இன்னார் பாடினார் என்பதன்று, இன்னார் கூறுவதாகப் பாடப்பட்டது என்பதே. குறுந்தொகையின் தலைவி கூற்றுப் பாடல்களுட் பெரும்பாலானவை ஆண்பாற் புலவர் பெயரிலேயே வழங்குகின்றன. வெள்ளிவீதியார் போன்றோர் சிலரே. சங்கப் பாடலை அணுகும்போது மறவாத இவ்வேறுபாட்டை நாட்டார் பாடலை அணுகும்போது மட்டும் ஆய்வாளர் மறந்துவிடுகின்றமை வியப்புக்குரியது. வயற்காவலுக்காகப் பரண்மீது இரவைக் கழித்த ஆடவரும் கவி பாடினர். தனிமையிற் பாடுபவன் ஆண் கூற்றோடு நின்றுவிடுதல் வேண்டுமென்ற நியதி எதுவும் இல்லை. குனிந்து நாற்று நட்ட பெண் பாடியதும், பரணிலிருந்தவன் அவள் பாடுவதாகக் கற்பித்துப் பாடியதும் அச்சிலேறிய தொகுதியில் ஒரே பக்கத்தில், பாடியவர் பெயரின்றி அருகருகே நிற்றல் கூடும்.

குரலுக்கும் பெயருக்கும் இடையிலான இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழி இலக்கியத்திற் பால்நிலை பற்றி ஆராய்வோர் தவறாது எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சியொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மெக்சிக்கோவிற் கன்னியர் மடத்தில் வாழ்ந்த கவிஞர் சோர் ஹுவானா, பாதிரியார் ஒருவரின் பிரசங்கத்தை மறுத்து எழுதியதனை 1690இல் புவெப்லா நகர ஆயர் அச்சிட்டார். கூடவே, பெண்ணுக்கு உலகக் கல்வி போதும், இனிச் சமய நூல்களில் மனஞ்செலுத்துக என அறிவுறுத்தும் கடிதமொன்றையும் சேர்த்தார். அக்கடிதத்தில் அவர் இட்ட கையொப்பம் ‘சகோதரி பிலொத்தேயா’ என்பது. பெண்ணை அடக்குதற்கு ஆயர் ஒருவர் பெண் பெயரையே பூண வேண்டியிருந்தது. 1691இல் மறுமொழி எழுதிய சோர் ஹுவானா அவ்வேடத்தைக் கலைக்காமல், ‘சகோதரி’யை விளித்தே பெண்ணின் கற்கும் உரிமையை நிலைநாட்டினார். அம்மறுமொழி அச்சேறியது 1700இல், அவர் இறந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின்னர். பெண் பெயர் இருக்குமிடத்திற் பெண் இருக்கிறாள் எனக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அரங்கிலும் இதுவே நிலை. மாட்ரிட் நகரில் 1587இலேயே பெண்கள் மேடையேற அனுமதி பெற்றனர்; இங்கிலாந்தில் அது 1660 வரை பிந்தியது. எனினும் ஸ்பானிய மேடையிற் பெண் பேசிய வசனத்தைப் பெரும்பாலும் ஆணே எழுதினான். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் உடலும் ஆணுடையது. பெண் பாத்திரத்தை ஆண் ஆட, பெண்கள் களரியைச் சுற்றியிருந்து விடியும்வரை பார்த்தனர். அண்ணாவியார் மரபு பற்றிய ஆய்வுகள் ஆட்டம், தாளம், உடுப்பு ஆகியவற்றை நுணுகி நோக்கிய அளவிற்குப் பார்த்திருந்தோர் பக்கம் திரும்பவில்லை.

இனி, இப்பிரதேசத்துப் பெண்நிலை பற்றிய எந்த ஆய்விலும் தவறாது இடம்பெறுவது தாய்வழிக் குடிமுறை. குடி தாய்வழியே வருவது. மணம் செய்தவன் மனைவி வீட்டில் வந்து வாழ்வது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாவது. இவற்றைக் கண்டு ‘பெண்ணாட்சி’ எனப் புளகாங்கிதம் அடைவோர் முக்குவர் சட்டத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று. பிறிற்றோ 1876இல் தொகுத்து வெளியிட்ட அச்சட்டத்தின்படி முதுசம் சேர்ந்தது சகோதரியின் புதல்வரிடம். சொத்துப் பெண் வழியாகச் சென்றதேயன்றிப் பெண்ணிடம் தங்கவில்லை. அச்சட்டம் வழக்கொழிந்த பின்னரும் கோயில் உரிமைகளும் வண்ணக்கர் பதவியும் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும் வழக்கம் நிலவிற்று. 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரேயின் நூல் (2008) இம்முறை தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் ஒருங்கே வேரூன்றியிருத்தலை விரிவாகக் காட்டுகின்றது. ஆயின், வீடு பெண்ணுடையது என்பதனையும் அற்பமாக ஒதுக்கிவிடல் தவறு. கணவன் வெளியேறலாம், அவள் வெளியேற வேண்டியதில்லை. மாமியார் வீட்டில் வந்தேறியாகக் காலங்கழிக்கும் பெண்ணின் நிலைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

கவிகளை மீண்டும் படிக்க வேண்டியது இவ்வீட்டை மனத்திற்கொண்டே. ‘மச்சான்’ என்பது வெறுங்காதற் சொல் அன்று. மாமன் மகனை, அத்தை மகனைக் குறிக்கும் அம்முறைப்பெயர், அவளை மணத்தற்கு உரியவன் அவன் என்பதையும், அவ்வுரிமையை அவன் நிறைவேற்றவில்லை என்பதையும் ஒருங்கே சுட்டுவது. அவன் வருவது அவள் வாசலுக்கு. நாளை குடியிருக்கப்போவதும் அங்கேயே. ஆகவே, காவல் காக்கும் தாய், காதலுக்கு இடையூறாக நிற்கும் வழக்கமான பாத்திரம் மட்டுமல்லள். மகளுக்குக் கொடுக்கவிருக்கும் வீட்டின் உடைமைக்காரியும் ஆவாள். இந்நோக்கிற் படிப்பின், புலம்பல் என இதுவரை வகைப்படுத்தப்பட்ட கவிகள் பலவற்றில் வழக்காடலின் தொனி கேட்கும். பரணிலிருந்தவன் கற்பித்த பெண் பெரும்பாலும் ஏங்குபவள். முற்றத்தில் நிற்பவள் கணக்குக் கேட்பவள். இவ்வேறுபாடு ஒன்றைக்கொண்டே பாடியவர் ஆணா பெண்ணா எனத் தீர்ப்பளித்தல் துணிச்சலாகும். எனினும் ‘காதற் பாடல்’ என்ற ஒற்றைத் தலைப்பு இதனைக் கேளாதபடி செவியை அடைத்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

கண்ணகி கோயில்களில் இப்பிரச்சினை வேறு வடிவம் கொள்கின்றது. வைகாசிச் சடங்கில் ஏட்டிலிருந்து பாடப்பெறும் கண்ணகி வழக்குரையை வி.சீ. கந்தையா 1968இற் பதிப்பித்தார். அரசனை எதிர்த்து நீதி கேட்ட பெண்ணின் சொல் அங்கு ஆடவர் வாயிலாகவே ஒலிக்கின்றது. கூடியிருக்கும் பெண்களுக்குரியது குரவை. சொல்லற்ற அவ்வொலி சடங்கின் உச்சங்களில் எழுந்து அடங்குவது. ஏட்டைப் பதிப்பித்தமை தமிழுக்குப் பெருந்தொண்டு. எனினும் பதிப்பு என்ற வடிவமே குரவையை உள்ளடக்க இயலாதது. அதற்கு எழுத்து இல்லை.

அதே பிரதேசத்தின் அம்மன் கோயில்களிற் சொல்லோடு பேசும் பெண்களும் உளர். தெய்வமேறி வாக்குச் சொல்வோர் அவர். 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தோருள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர் திரும்பவில்லை. அவ்வாண்டுகளிற் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் முகாம்களுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தபின் வாக்குக் கேட்கச் சென்றனர். 1990களில் இதனைக் களத்திலிருந்து ஆராய்ந்த பற்றீசியா லோறன்ஸ், வெளியே பேசுதல் ஆபத்தாயிருந்த காலத்தில் இழப்பைப் பலரறியச் சொல்லும் இடமாகக் கோயில் அமைந்தது என விளக்கினார். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. இலக்கிய ஆய்வாளர் அதனோடு சேர்த்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆயர் பெண் பெயரிற் பேசியது தன் அதிகாரத்தை மறைத்தற்கு. இப்பெண்கள் அம்மன் பெயரிற் பேசியது, தம் பெயரிற் பேசின் உயிருக்கு உறுதியில்லாத காலத்தில். தம் குரலும் தம் உடலும் இருந்தும் பெயர் மட்டும் இரவலாயிற்று. இவ்வாக்குகள் பனுவலாகக் கருதப்படாமையாற் போலும், தமிழ்த்துறைகளின் ஆய்வுத் தலைப்புகளில் அவை அரிதாகவே தோன்றுகின்றன. மானிடவியலாளர் கேட்டதை இலக்கிய மாணவர் கேட்கக் கூடாது என விதி ஏதும் இல்லை.

பெண்கள் தம் பெயரிட்டு எழுதியவை பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையுடன் 1986இல் யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ அவ்வகையில் முதன்மையானது. கவிகளைப் பொறுத்தவரை குறிப்பிட வேண்டியது, சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார் தொகுத்து 2013இல் வெளிவந்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’. அப்பிரதேசத்துப் பெண்ணொருவர், தாமும் கவிஞராயிருந்து, அக்கவிகளைத் தெரிந்து முன்வைத்தமை தொகுப்பு வரலாற்றில் ஒரு திருப்பமாகும். காதல் என்ற சட்டகத்தை அத்தொகுதியும் விடவில்லை என்பது உண்மையே. ஆயினும் எதைக் கேட்பது, எதை ஒதுக்குவது என்ற தெரிவு அங்குப் பெண்ணின் கைக்கு வந்தது.

இனிக் களத்துக்குச் செல்லும் ஆய்வு மாணவர் கவியை எழுதிக்கொள்ளும்போது, பாடியவர் எக்குடி, அவ்வீடு யாருக்குச் சீதனமானது, அக்கவியை அவர் யாரிடம் கேட்டுப் படித்தார், வயலிலா வாசலிலா என்பவற்றையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கவிகளை மனத்தில் வைத்திருக்கும் மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பெயரைக் கேட்டால், “எனக்கென்னத்துக்கு மகன் பேரு” என்று சிரித்து மழுப்பிவிடக் கூடியவர்களே அவர்கள். இரண்டாம் முறையும் கேட்க வேண்டியிருக்கும்.