முல்லைப்பாட்டில் இருவகைப் பொழுதுணர்வு

பொழுதை உணரும் முறை மாந்தர் அனைவர்க்கும் ஒன்றன்று. அஃது அவரவர் வளர்ந்த சூழலால் அமைவது என்பது மானிடவியலார் வலியுறுத்தும் கருத்தாகும். அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வர்டு டி. ஹால் 1983-இல் வெளியான தம் நூலில், ஒரு வேளையில் ஒரு செயலை மட்டும் நேரவரையறைப்படி செய்யும் பண்பாடுகள், உறவுகளுக்கு முதன்மை தந்து ஒரே வேளையில் பல செயல்களில் ஈடுபடும் பண்பாடுகள் என இருவகையை விரித்துரைத்தார். இத்தகைய பகுப்புகளை எளிமைப்படுத்தி, மேலைநாட்டார் காலத்தை அளப்பவர், கீழைநாட்டார் காலத்தை உணர்பவர் எனப் பேசுவது வழக்காகிவிட்டது. இப்பொதுமை சங்கப் பனுவலுக்குப் பொருந்துமா என்பதை முல்லைப்பாட்டின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்ட தொல்காப்பியர், முல்லைக்குக் காரையும் மாலையையும் உரிமையாக்கினார். இதனால் பொழுதுணர்வு நிலத்தோடு ஒட்டிப் பிறப்பது போலத் தோன்றும். எனினும், நப்பூதனார் 103 அடிகளில் பாடிய முல்லைப்பாட்டில் ஒரே திணைக்குள் இருவேறு பொழுதுணர்வுகள் அருகருகே இடம்பெறுகின்றன.

முதலாவது பாசறைக்குரியது. அங்குப் பொழுதை அளந்தறிவதையே பணியாகக் கொண்டோர் உளர். சிறிதளவு நீர் கொண்ட கன்னலைப் பார்த்து, சென்ற நாழிகை இத்துணை என அரசனை வாழ்த்தி அறிவிக்கின்றனர். யவனரும் மிலேச்சரும் அப்பாசறையில் இருப்பினும், பொழுதளக்கும் பணியைப் புலவர் அவர்க்கு உரியதாக்கவில்லை. எனவே, அளத்தல் அயலாரிடமிருந்து வந்த வழக்கு என்பதற்கு இப்பாட்டு இடந்தரவில்லை.

இரண்டாவது இல்லத்துக்குரியது. முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். பசியால் வருந்தும் கன்றிடம், தாய்ப்பசு இப்பொழுதே வந்துவிடும் என்று ஆயர்மகள் ஆற்றுவிக்கும் சொல் அவர்தம் செவியில் விழுகிறது. அதனையே தலைவன் வரவுக்கு உறுதியாகக் கொள்கின்றனர். இங்குப் பொழுது எண்ணாக அன்றிக் குறியாக அறியப்படுகிறது. அக்குறியைக் கேட்கவும் நம்பவும் அறிந்தவர் மூத்தோரே என்பது நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் புலவர் நுட்பமானதொரு செய்தியை வைக்கிறார். முதியோர் எத்துணை முறை எடுத்துக்காட்டியும் தலைவி தேறவில்லை, கண்ணீர் உகுக்கிறாள். மரபு தன் பொழுதுணர்வைக் கற்பிக்கிறது. இளையவள் அதனை உடனே ஏற்கவில்லை. காத்திருத்தல் முல்லை மகளிர்க்கு இயல்பாகவே அமைந்த பண்பாயின், இக்கற்பித்தலுக்குத் தேவை இராது. பண்பாடு பயிற்றுவிப்பதே அன்றிப் பிறப்பிலேயே விதிப்பதன்று என்பது இதனால் பெறப்படும்.

அளப்பவர் ஆடவர், உணர்பவர் மகளிர் எனப் பிரிப்பதும் பொருந்தாது. திருக்குறளின் 127-ஆம் அதிகாரம், பிரிந்து சென்ற நாள்களைத் தொட்டு எண்ணித் தேய்ந்த தலைவியின் விரலைப் பேசுகிறது. முல்லைப்பாட்டிலும், நாழிகை அறிவிக்கப்படும் பாசறையில் அரசன் துயில் பெறாமல், புண்பட்ட களிறுகளையும் மாண்ட வீரரையும் எண்ணிக் கிடக்கிறான். அளந்த பொழுது அவனுக்கு அமைதி தரவில்லை. அரசன், தலைவி இருவருமே நெடிது நினைப்பவராகக் காட்டப்படுகின்றனர்; அதனைக் குறிக்க ஏறத்தாழ ஒத்த சொற்களையே புலவர் ஆள்கிறார். பாசறையில் நீர் கன்னலில் அளக்கப்படுகிறது. எழுநிலை மாடத்திலோ கூரையினின்று வீழும் மழைநீரின் ஓசையைத் தலைவி கேட்டுக் கிடக்கிறாள். நீர் ஒன்றே, பழகிய முறை வேறு.

இவ்வொப்புமை, இல்லமும் பாசறையும் மாறிமாறி வரும் அடிவரிசையால் விளைவது. நச்சினார்க்கினியர் அடிகளை இடம்மாற்றி இயைத்துப் பொருள் கொள்ளும்போது இவ்வமைப்பு நெகிழ்ந்துவிடுகிறது. அவ்வாறு மாற்றுவதை 1903-இல் வெளிவந்த தம் ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் மறுத்தார். பொழுதுணர்வை ஆராய்வார்க்கு மறைமலையடிகளின் நிலைப்பாடே ஏற்புடையதாகிறது.

முடிவாக, ஒரு பண்பாட்டுக்கு ஒரு பொழுதுணர்வு என்னும் கருத்தை முல்லைப்பாடு ஏற்கவில்லை. பணி, அகவை, வளர்ப்பு ஆகியவற்றால் ஒரே சமுதாயத்துள் பொழுது பலவாக அறியப்படுகிறது. கீழை, மேலை என்னும் பெரும்பகுப்பைச் சங்கப் பாடல்மேல் ஏற்றுவோர், கன்னலும் விரிச்சியும் ஒரே பாட்டில் இடம்பெறுவதற்கு முதற்கண் விடை கூறுதல் வேண்டும்.