பகடைக்கு முன் பேச்சு

போன சனி, ஞாயிறு செனாயில் நண்பர் வீட்டில் நான்கு ஆசிரியர்கள் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடினோம். வாய்மொழிப் பாடத்துக்கு இது உதவுமா? உதவும், ஆனால் அப்படியே அல்ல.

ஒருவர் காட்சியை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி முடிவெடுப்பார்கள். முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாலத்தை மறித்த கிழவியிடம் நண்பர், “பாட்டி, கொஞ்சம் வழி விடுங்க, தங்கச்சிக்குக் காய்ச்சல்” என்று கெஞ்ச, “எந்த ஊருப் புள்ளப்பா நீ?” என்று பதில் வர, அரை மணி நேரம் பகடையை யாரும் தொடவில்லை. மனப்பாட உரையாடலில் இது கிடைக்குமா?

மாலையில் சண்டை வந்தது. “பதினேழு, பட்டுச்சா?” “பட்டுச்சு, ஆறு கழிச்சுக்கோ.” அவ்வளவுதான் தமிழ்!

இது பிறவிக் குறை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட இந்த ஆட்டம், பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து வளர்ந்தது. 1968இல் கைகாக்ஸ் தொடங்கிய ‘ஜென் கான்’ மாநாடும் முதலில் போர் விளையாட்டுக்காரர்களின் கூட்டமே. அதனால்தான் இன்றைய பதிப்பிலும் வெட்டுக்குப் பக்கம் பக்கமாக விதி, கெஞ்சலுக்கு ஒரே உருட்டல்.

ஞாயிறன்று விதியை மாற்றினோம். “நான் அவரைச் சம்மதிக்க வைக்கிறேன்” என்று சொல்லி உருட்டினால் செல்லாது. பேசிக் காட்டிய பிறகே பகடை. ஆட்டம் மெதுவானது, பேச்சு கூடியது. இணைய விளையாட்டில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கத்துகிற என் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் பரீட்சை மொழியாகிவிட்டது. அவர்களுக்கு இந்த விதி அவசியம். கூச்சப்படுகிற பிள்ளைக்கோ இது தண்டனையாகலாம். அவன் முதலில் உருட்டட்டும், விழுந்த எண்ணைப் பார்த்துப் பேசட்டும்.